வைவாவில் என்னைக் கவிழ்த்த ஊர்ப்பெயர்

ரிசல்ட் புதன்கிழமை வந்துவிட்டது. ஆய்வேட்டில் பாஸ், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) 50க்கு 29. குறைந்த மார்க்குக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், நான் கட்டுரைகளைத் தேடிய விதம். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு கடலூர், புதுச்சேரி மீனவக் குப்பங்களில் பெண்களின் வேலை, இதுதான் என் தலைப்பு. ஸ்கோபஸ், ஜேஸ்டோர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளங்கள் இரண்டிலும் ஆங்கிலத்தில் ‘புதுச்சேரி’ என்று அடித்தே ஆறு மாதம் தேடினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னாய்வு அத்தியாயத்தை (ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதி) புரட்டிவிட்டு, “சுனாமி வந்தது 2004 டிசம்பர்ல. அடுத்த ரெண்டு வருஷம் யாருமே எதுவும் எழுதலையாம்மா?” என்றார். எழுதியிருக்கிறார்கள், ‘பாண்டிச்சேரி’ என்ற பெயரில். பெயர் மாறியதே 2006 அக்டோபரில்தானே! கடலூர் பஸ் ஸ்டாண்டில் தினமும் “பாண்டி, பாண்டி” என்று கண்டக்டர் கத்துவதைக் கேட்டு ஏறியவளுக்கு இது உறைக்கவில்லை.

அதனால் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்பே ஒரு தாளில் பழைய பெயர், புதுப் பெயர், வேறு எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவே ‘ஆர்’ (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு ஒரு அடைப்புக்குறிக்குள் அடையுங்கள், அடைப்புக்குறிகளுக்கு நடுவே ‘ஆண்ட்’ (AND, எல்லாமே இருக்க வேண்டும்). அடைப்புக்குறியை விட்டால் எதை எதோடு சேர்க்கும் என்று அந்தந்தத் தளத்துக்கே வெளிச்சம்.

அப்புறம் சில்லறை விஷயங்கள்:

- ‘ஃபிஷர்’ என்று அடித்துப் பின்னால் நட்சத்திரக்குறி (அப்படித் தொடங்கும் எல்லாச் சொல்லையும் தேடும்) போட்டால் மீனவர்களோடு, ஃபிஷர் பெயரிலுள்ள புள்ளியியல் சோதனையைப் பயன்படுத்திய மருத்துவக் கட்டுரைகளும் கொட்டும். மீனவர், மீனவப் பெண் என்று முழுச் சொல்லாகவே கொடுங்கள்.
- தானே புயல் என்று தேடினால் மும்பை பக்கத்துத் தாணே நகரம் வந்து நிற்கும், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ‘சைக்ளோன் தானே’, ‘தானே சைக்ளோன்’ இரண்டையும் மேற்கோள் குறிக்குள் கொடுங்கள்.
- ‘நாட்’ (NOT, இந்தச் சொல் உள்ளதை விலக்கு) பக்கமே போகாதீர்கள். கேரளா வேண்டாம் என்று நான் போட்ட ஒரு ‘நாட்’, நம் கரையையும் கேரளக் கரையையும் ஒப்பிட்ட கட்டுரைகளையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. (நான் கொஞ்சம் பயந்தவள், தைரியம் இருந்தால் போடுங்கள்.)
- கூகுள் ஸ்காலர் லட்சக்கணக்கில் எண்ணிக்கை காட்டும், ஆனால் ஆயிரத்துக்கு மேல் பார்க்க விடாது.
- இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் கிடைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஒரு நல்ல ஆய்வேடு கிடைத்தால் கடைசி நூற்பட்டியலிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.
- தேதி, தளம், தேடிய வரி, வந்த எண்ணிக்கை நான்கையும் நோட்டில் எழுதுங்கள். தோழி எல்லாவற்றையும் ஸொட்டேரோ என்ற மேற்கோள் சேமிக்கும் மென்பொருளில் வைத்திருந்தாள். எனக்குக் கையால் எழுதினால்தான் மண்டையில் ஏறும்.

வைவா முடிந்த அன்று ராத்திரியே இரண்டு பெயரையும் ‘ஆர்’ போட்டுத் தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே 2005ஆம் வருடக் கட்டுரைகள். டவுன்லோடு செய்து வைத்திருக்கிறேன், திறக்கத்தான் இன்னும் மனசு வரவில்லை.