புல் செழித்தால் புதர் வராது

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பவுடர் ரிவர் படுகையில் நிலக்கரி எடுத்து மூடிய மேய்ச்சல் நிலத்தில் புல்லை வளர்ப்பது பெரிய காரியமில்லை. சேஜ்பிரஷ் புதரைத் திரும்ப வரவழைப்பதுதான் பாடு. பிராங்ஹார்ன் மானுக்குக் குளிர்காலத் தீவனம் அது. சேஜ் குரவுஸ் பறவைக்கு வாழ்வே அதுதான். மாநில விதிப்படி, தகுதியுள்ள பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிலாவது சதுர மீட்டருக்கு ஒரு புதர் நிற்க வேண்டும்.

மேல்மண்ணில் பாதி விஷயம் முடிந்துவிடும். சுரங்கம் தோண்டுமுன் உரித்த மேல்மண் குவியலாக ஆண்டுக்கணக்கில் கிடந்தால் வேரோடு சேர்ந்து வாழும் மைக்கோரைசா பூஞ்சை குறைந்துவிடும். அந்தப் பூஞ்சை இல்லாத நாற்று வறட்சியில் தாங்காது. ஆகவே ஒரு பக்கம் உரிக்கும்போதே, சமன்செய்து வைத்த மறுபக்கத்தில் நேராகக் கொண்டுபோய்ப் பரப்புவதே நல்லது. பரப்புவதற்கு முன் அடிமண்ணைச் சரிவுக்குக் குறுக்கே 45–60 செ.மீ. ஆழம் ரிப்பரால் (இயந்திரத்தின் பின்னால் இழுக்கும் மண்கிழிக்கும் கத்தி) கிழிக்க வேண்டும், அதுவும் காய்ந்திருக்கும்போது. காய்ந்த மண் நொறுங்கும். ஈரமண்ணில் கத்தி போன தடம் மட்டும் மிஞ்சும். அதன் இரு பக்கமும் மெழுகிய சுவர்போல் இறுகிவிடும்.

மேல்மண்ணை எங்கும் ஒரே கனத்தில் பரப்புவது ஸ்கிரேப்பர் (மண் வாரிப் பரப்பும் வண்டி) ஓட்டுபவருக்கு வசதி, புதருக்கு அல்ல. 15 செ.மீ. மட்டும் பரப்பிய இடங்களில் புல்லின் ஆதிக்கம் தளர்ந்து புதரும் சிறு செடிகளும் கூடுதலாக வருகின்றன.

விதை மூட்டையின் எடையை நம்பக் கூடாது. சேஜ்பிரஷ் மூட்டையில் பெரும்பகுதி இலைத்தூளும் காம்பும்தான். மூட்டையில் கட்டிய சீட்டில் தூய்மை 12%, முளைப்பு 80% என்று இருந்தால், முளைக்கும் விதை 9.6% மட்டுமே. ஹெக்டேருக்கு 3 கிலோ முளைக்கும் விதை வேண்டுமானால் மூட்டையிலிருந்து 31 கிலோ போக வேண்டும். போன வருடச் சரக்கு என்றால் முளைப்புச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இந்த விதை சீக்கிரம் செத்துவிடும்.

புல் விதையோடு சேர்த்து விதைப்புக் கருவியில் போட்டால் சேஜ்பிரஷ் விதை ஒரு செ.மீ. ஆழத்தில் புதைந்து வீணாகும். நவம்பருக்குப் பிறகு தரைமேல், அல்லது பனிமேலேயே தூவுவது சரி. உமி கலந்தால் பெட்டியில் அடைக்காது. முந்தைய கோடையில் பார்லி விதைத்து, கதிர் முற்றுமுன் வெட்டித் தாளை நிற்க விட்டால் அது பனியைப் பிடித்து வைக்கும். அதற்குப் பதில் போடும் வைக்கோல் மூடாக்கு களைவிதையையும் கூட்டிக்கொண்டு வரும்.

புல் விதை ஹெக்டேருக்கு 6–8 கிலோ போதும். 14 கிலோ போட்டால் முதல் வருடம் பார்க்க அழகாக இருக்கும், மண்ணும் அரிக்காது; அடுத்த கோடையில் மேல்மண் ஈரத்தைப் புல்லே குடித்துவிடும். ஆனாலும் அரிப்புக்குப் பயந்து கூட்டிப் போடச் சொல்லும் மேலாளர்களே அதிகம்.

முதல் கோடையில் புதர் நாற்று கண்ணில் படவில்லை என்று உடனே மறுவிதைப்புக்கு இறங்க வேண்டாம். இரண்டாம், மூன்றாம் வருடத்திலும் முளைக்கும். சுரங்க நிலத்தைச் சீரமைப்பது பற்றிய 1977 அமெரிக்கச் சட்டப்படி, ஆண்டு மழை 660 மி.மீ. அல்லது அதற்குக் குறைவான பகுதியில் விதைத்த பின் 10 ஆண்டுகள் செடிவளத்துக்குப் பொறுப்பு சுரங்க நிறுவனத்துடையது. மறுவிதைப்பு செய்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நிறுவனம் அரசிடம் கட்டிய பிணைத்தொகையின் கடைசிப் பகுதியும் அந்தக் கணக்கு முடியும்வரை திரும்பாது.