சர்வர் வாங்கும்போது டிபி மட்டும் கேக்காதீங்க

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கம்பெனிகளுக்கு சர்வர் பாத்துக்குற வேலை எனக்கு, யாரு போன் பண்ணாலும் முதல் கேள்வி "எத்தனை டிபி வரும் தம்பி, எவ்ளோ ஆகும்"னுதான். எத்தனை ஃபைல் போடப்போறோம், கரண்ட் போய் ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைல அடுக்கி கணக்கு வச்சுக்கற ஏற்பாடு) அடி வாங்கினா அதை சரி பண்ண எவ்ளோ ரேம் வேணும், இதை யாருமே கேக்கறதில்ல. எனக்கு இது நிஜமாவே கவலையா இருக்கு, அந்த டிஸ்க்ல இருக்கறது அவங்களோட வருஷக்கணக்கான கணக்கு வழக்கு ஆச்சே.

ஸ்பெக் ஷீட் பாத்தா எல்லாமே பிரமாண்டமாதான் இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் (XFS), எக்ஸ்ட்4 (ext4)னு லினக்ஸ்ல ரெண்டு ஃபைல் சிஸ்டம், முதலாவதுக்கு 8 எக்ஸாபைட், ரெண்டாவதுக்கு 1 எக்ஸாபைட் (சுமார் பத்து லட்சம் டிபி)னு போட்டிருப்பாங்க, ஆனா ரெட் ஹேட் லினக்ஸ் 8ல சப்போர்ட் தர்றது எக்ஸ்எஃப்எஸ்க்கு 1 பெட்டாபைட் (சுமார் ஆயிரம் டிபி), எக்ஸ்ட்4க்கு 50 டிபி, அவ்ளோதான். நம்ம ஊரு கம்பெனிக்கு அந்த அளவே எட்டாது, இடிக்கறது வேற இடத்துல.

மாங்கூழ் ஃபேக்டரி ஒண்ணு. சீசன் வந்துட்டா ஒவ்வொரு லோடுக்கும் எடை மேடை சீட்டு, பழத்தோட போட்டோ, லேப் ரிப்போர்ட், அதுக்கெல்லாம் 4 கேபி தம்ப்நெயில் (சின்ன முன்னோட்டப் படம்)னு குட்டி குட்டி ஃபைலா கொட்டிட்டே இருக்கும். திடீர்னு ஒருநாள் "இடம் இல்ல"ன்னு எர்ரர், டிஸ்க்க பாத்தா முக்கால்வாசி காலி. அக்கவுண்டன்ட் அண்ணன் பதறிட்டாரு. ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணு வேணும்கற பதிவுச் சீட்டு) கணக்க எடுத்துப் பாத்தா 100 சதவீதம் தீந்திருக்கு. எக்ஸ்ட்4ல ஃபார்மட் பண்ணும்போதே ஐநோட் எத்தனைன்னு முடிவாயிடும், சாதாரணமா 16 கேபிக்கு ஒண்ணு, அதாவது 1 டிபிக்கு சுமார் 6.7 கோடி, பின்னாடி அந்த விகிதத்த மாத்த முடியாது. பந்தில சோறு நிறைய இருக்கு, இலை தீந்துபோச்சுங்கற மாதிரிதான். டிஸ்க் 4 டிபிய தாண்டினா ஃபார்மட் கமாண்ட் தானாவே 32 கேபிக்கு ஒண்ணுன்னு குறைச்சுக்கும், அத கவனிக்கறவங்க ரொம்ப கம்மி. எக்ஸ்எஃப்எஸ்ல இந்த தொல்லை இல்ல, தேவைப்படும்போது ஐநோட் போட்டுக்கும், ஆனா ஒருதடவை பெருசாக்கிட்டா திருப்பி சின்னதாக்கறது நடக்காதுன்னே வச்சுக்கோங்க.

இப்ப மெமரிக்கு வரேன். தர்மபுரி பக்கம் ஒரு இடத்துல மழை நேரத்துல கரண்ட் போச்சு, யுபிஎஸ்ஸும் கைவிட்டுச்சு, பெரிய எக்ஸ்எஃப்எஸ் வால்யூம் (டிஸ்க் பகுதி) மவுன்ட் ஆகல, அதாவது திறக்கவே இல்ல. ரிப்பேர் ஓட்டினா மூணாவது கட்டம் (ஃபேஸ் 3) வரைக்கும் போய் "கில்டு"ன்னு ஒரே வார்த்தை போட்டு நின்னுடுச்சு, மறுபடி ஓட்டினாலும் அதே இடம். ரேம் பத்தாம லினக்ஸோட மையப் பகுதியான கர்னலே அத சாகடிச்சிருக்கு. தினசரி வேலைக்கு அந்த ரேம் தாராளமா போதும், ஆனா ரிப்பேர் வேலைக்கு வால்யூம் சைஸ், எத்தனை ஃபைல், ஒரே டைரக்டரில எத்தனை கிடக்குன்னு எல்லாத்துக்கும் சேத்து மெமரி வேணும். எஸ்எஸ்டில பெருசா ஸ்வாப் (ரேம் பத்தாதப்ப ரேம் மாதிரி பயன்படுத்தற டிஸ்க் இடம்) போட்டு ஓட்டினப்பறம்தான் விடிகாலைல முடிஞ்சுது. இத முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கு: வால்யூம அன்மவுன்ட் பண்ணிட்டு, அதே ரிப்பேர் கமாண்ட எதையும் மாத்தாம செக் மட்டும் பண்ற மோடுல ஓட்டி, மெமரி லிமிட் 1 எம்பின்னு வேணும்னே கொடுத்தா, இவ்ளோ எம்பி வேணும்னு அதுவே சொல்லிட்டு நின்னுடும். எக்ஸ்ட்4லயும் அப்படித்தான், 16 டிபின்னா சுமார் 430 கோடி பிளாக் (டிஸ்க்க பிரிச்சு வச்சிருக்கற சின்ன துண்டு), எது யூஸ்ல இருக்குன்னு குறிக்க பிளாக்குக்கு ஒரு பிட்னு வச்சாலே ஒரு மேப்புக்கு அரை ஜிபி, அந்த மாதிரி மேப் செக்குக்கு ஒண்ணோட நிக்காது.

இசட்எஃப்எஸ் (ZFS)ங்கற இன்னொரு ஃபைல் சிஸ்டத்துல டெடூப்னு ஒண்ணு இருக்கு, ஒரே டேட்டா ரெண்டு தடவை வந்தா ஒண்ணுதான் சேமிக்கும், கேட்டதும் எல்லாருக்கும் ஆசை வந்துடும். எது ஏற்கனவே இருக்குன்னு அது குறிச்சு வைக்கற டேபிள்ல ஒரு பிளாக்குக்கு சுமார் 320 பைட். 128 கேபி பிளாக்னா 1 டிபிக்கு ரெண்டரை ஜிபி ரேம், சரி சமாளிக்கலாம், அதே 8 கேபி பிளாக்ல டேட்டாபேஸ் ஓட்டினா 40 ஜிபி! டேபிள் ரேம்ல நிக்கலன்னா ஒவ்வொரு ரைட்டுக்கும் டிஸ்க்க தேடிப் போகும், சர்வர் நகரவே நகராது. ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3 வெர்ஷன்ல டெடூப்ப நல்லாவே சீர் பண்ணிருக்காங்க, இருந்தாலும் நம்ம சைஸ் கம்பெனிக்கு எல்இசட்4 கம்ப்ரஷன் (டேட்டாவ சுருக்கி வைக்கற முறை) ஆன், டெடூப் ஆஃப், அதான் நான் போட்டுக் கொடுக்கறது.

கொட்டேஷன் வாங்கும்போது ரேம் ஸ்லாட்டு பாதி காலியா இருக்கான்னு பாருங்க, அப்பறம் குட்டி ஃபைல் எத்தனை லட்சம் சேரும்னு ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடியே உங்க ஆளுகிட்ட சொல்லிடுங்க.