பரந்தன் சந்தியில் இறங்கினால்

ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குப் பரந்தன் ஒரு சந்தி மட்டும்தான். கிளிநொச்சியைத் தாண்டியதும் நாலு கடை, ஒரு நிறுத்தம், அடுத்தது ஆனையிறவு. இந்த மாசியில் அங்கே இறங்கி முல்லைத்தீவு வீதியில் கிழக்கே நடந்தேன்.

மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்தின் அறுவடை முடிகிற நேரம். வீதியோரம் முழுக்கப் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துக் காட்டினார். "டக்கெண்டு உடையவேணும் தம்பி, நசிஞ்சால் இன்னும் ஈரம்." அது ஆட்டக்காரி நெல்லாம். சோற்றுக்கு அதை விட்டால் வேறில்லை என்றார்.

முரசுமோட்டைப் பக்கம் கனகராயன் ஆறு வருகிறது. வவுனியாப் பக்கம் தொடங்கி, இரணைமடுக் குளத்தில் தேங்கி, குளம் நிரம்பி வான் கதவு திறந்தால் இவ்வழியாகச் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும். 1902இல் தொடங்கிய இரணைமடு வேலை 1920 அளவில் முடிந்தது. இந்த வயல்வெளிக்கு உயிர் கொடுத்தது அந்தக் குளம்தான். மழை குறைந்த காலத்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்து நீரைப் பார்த்துக் கூட்டம் வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். அதனால் இங்கே தேத்தண்ணிக் கடையில்கூட "குளம் எத்தனை அடி?" என்ற பேச்சு ஓயாது.

ஊருக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1950களில் வந்த இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் எடுத்தது. உப்பளம் பக்கத்தில், ரயில் வாசலில். இடம் பார்த்து வைத்த தொழிற்சாலை அது. போர் அதை நிறுத்திவிட்டது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கவேண்டிய இடம் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

2009 ஜனவரி முதல் நாள் இராணுவம் பரந்தனைப் பிடித்தது, மறுநாள் கிளிநொச்சியை. சனம் இதே வீதியால்தான் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நகர்ந்தது. திரும்பி வந்தவர்கள் வயலைத் திருத்தினார்கள், 2014இல் ரயிலும் வந்தது. 2018 டிசம்பரில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அதற்கு அடுத்த போகமும் விதைத்தார்கள்.

போகிறவர்கள் தை, மாசியில் போங்கள். வெயில் ஏறுமுன் சந்தியிலிருந்து நடக்கத் தொடங்கினால் நல்லது, நிழல் குறைவு.