காட்டமா அடிங்க அண்ணே

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்குக் கரப்பான் தொல்லை தீராது. பெயர்ப்பலகையில் ஊர் பெஸ்தாரி ஜெயா ஆகி வருஷக்கணக்காகிவிட்டது. கரப்பான் மட்டும் பழைய கரப்பான்தான். தீபாவளி நெருங்கினால் பூச்சி மருந்து அடிக்கும் எங்களுக்குப் போன் மேல் போன் வரும். போய் நின்றதும் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, கொஞ்சம் காட்டமா அடிங்க." அதாவது, லேபிளில் உள்ள அளவுக்கு மேல் கலக்கச் சொல்கிறார். அடுப்பை அணைக்காமலேயே, ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. நான் சண்டை போடுவதில்லை. "முடியாதுங்க, லைசென்ஸ் போயிடும்" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவரும் ஒரு லைசென்ஸை மாட்டி வைத்துக் கடை நடத்துபவர்தானே, அந்தப் பயம் அவருக்கும் புரியும்.

இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் மூன்று படிகளில் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 2004-இல் வந்த விதிகள் இவை. தொழிலை நடத்துபவருக்கு ஒன்று, மருந்து அடிப்பவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று. கொடுப்பது விவசாய இலாகாவில் உள்ள பூச்சிக்கொல்லி வாரியம். உதவியாளர் தனியாகக் கிளம்பிப் போய் அடிக்க முடியாது, லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வை வேண்டும். லைசென்ஸ் பரீட்சை என்றதும் பையன்கள் பயப்படுவது சட்டப் பிரிவுகளுக்கு அல்ல, கணக்குக்குத்தான். லிட்டருக்கு 10 மில்லி என்றால் 16 லிட்டர் பம்புக்கு எவ்வளவு என்று கேட்டால் பேனாவைக் கடிப்பான். லேபிளின் கலர் பட்டை அவர்களுக்குச் சுலபம்: கறுப்பும் சிவப்பும் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் வெள்ளை.

எனக்கு இதெல்லாம் படிக்கும்போது புதிதாகத் தெரியவில்லை. டவுனுக்கு வருவதற்கு முன் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் ஒன்றில் ஸ்டோரில் வேலை. விடியற்காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் மருந்து அடிக்கும் பெண்கள் பம்போடு வந்து நிற்பார்கள். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி கணக்கு எழுத, நான் அளந்து கொடுப்பேன். நிறைந்த பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு, மரத்தைச் சுற்றி வட்டமாக அடித்து, அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று மத்தியானம் வரை நடப்பார்கள். முனை அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஒரு ஊது ஊதிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று பையில் இருந்தால் போதும், ஊத வேண்டியதில்லை. இதை மட்டும் நான் பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் கேள்விப்பட்டேன். தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை.

அந்த அக்காக்களில் ஒருவருக்கு நகம் வெளுத்து, வரி வரியாகப் பிளந்திருக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தொட்ட கைகளில் அப்படி வரும். அவர் அதற்கு மருதாணி வைத்துக்கொள்வார். ஒருநாள் காற்று திரும்பி, மருந்து முகத்தில் அடித்தது. "கங்காணி, காத்து சரியில்ல" என்றார். "இந்த நிரை முடியட்டும்மா" என்றார் கங்காணி. அந்த ஆளையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் எத்தனை ஏக்கர் முடிந்தது என்று அவரை ஒருவர் கேட்பார்.

இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. அலமாரிக் கீலில் பொட்டு போல ஜெல் வைக்கும் எனக்கு லைசென்ஸ் வேண்டும். நாள் முழுக்கப் பம்பு சுமந்த அக்காவுக்கு அப்படி ஒன்று தேவைப்படவில்லை. 2004 விதிகள் பூச்சி ஒழிப்பைத் தொழிலாக நடத்துபவர்களுக்கானவை. தோட்டம் தன் சொந்த ஆட்களை வைத்து அடிப்பது அதில் வராது. தோட்டத்துக்குச் சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. கொடிய நச்சுப் பூச்சிக்கொல்லிகளுக்கென்று 1996-இல் தனி விதிகள் வந்தன. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2000-இல் வந்த இரசாயன விதிகளும் தோட்டங்களைக் கட்டுப்படுத்தத்தான் செய்கின்றன. பயிற்சி கொடு, கையுறை கொடு, மருத்துவப் பரிசோதனை செய் என்று அவை சொல்வது முதலாளியிடம். அக்காவின் பெயரில் எந்தத் தாளும் இல்லை. நான் கடைக்காரரிடம் சொல்கிற "லைசென்ஸ் போயிடும்" என்ற ஒற்றை வரியை அவரால் கங்காணியிடம் சொல்ல முடியாது. பறிபோக அவரிடம் இருந்தது அன்றைய சம்பளம் மட்டும்தான்.

பாராகுவாட் கதையும் இழுத்தடித்த கதைதான். 2002-இல் நிறுத்தப் போகிறோம் என்றார்கள், 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். அதற்குள் எங்கள் அக்காக்கள் பலர் டவுனுக்கு, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

போன வருஷம் பழைய தோட்டத்துப் பக்கம் கறையான் வேலைக்குப் போயிருந்தேன். மருந்து அடிப்பதை இப்போது குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். பம்பு சுமப்பவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள், இந்தோனேசியர்கள். நம் நாட்டு லேபிளில் மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் இருக்கும். தமிழ் படிக்கத் தெரிந்த கைகள்தான் பம்பைப் பிடிக்கும் என்று நினைத்த காலத்தில் போட்ட விதி. வங்காளப் பையன் என்ன படிப்பான் என்று குத்தகைக்காரரிடம் கேட்டேன். நம்மாள்தான், தெரிந்தவர்.

"படிக்கத் தேவையில்லண்ணே, கலர் தெரியும்ல? சிவப்புன்னா ஜாக்கிரதையா இருப்பான்."

சரிதான், கலர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் டிராக்டரிலிருந்து இறங்கியது மருந்து டப்பா இல்லை. ஸ்டோரிலேயே தண்ணீரில் கலந்து ஊற்றிய நீல டிரம்கள், ஒன்றிலும் லேபிள் கிடையாது. எதைக் கலந்தீர்கள் என்று கேட்டேன். "காலையில கிராணி கலந்தது" என்றார்.