வலிக்காத கால்

பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவிமுடிக்கப் பத்து நிமிடம் போதும். தொழுநோய் மருத்துவமனையில் புண்கட்டும் அறையில் ஒரே ஒருவரின் இரண்டு கால்களைக் கவனிக்க முக்கால் மணி நேரம் வேண்டும். அதில் இருபது நிமிடம், கால் தண்ணீரில் ஊறுவதற்கு மட்டும். அந்த வேலையில் இருப்பவர்களுக்கு, இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரம் சடங்காகத் தோன்றுவதில்லை. இயேசு இடுப்பில் கட்டிய துண்டும் கையில் எடுத்த பாத்திரமும் அவர்களுக்கு அன்றாடத் தளவாடங்கள்.

ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். தொழுநோயால் மரத்துப்போன கால் அந்த வசனத்துக்கு ஒரு கடினமான சோதனை. அது பாடுபடுகிறது, ஆனால் எந்தச் செய்தியும் அனுப்புவதில்லை. முள் ஏறினாலும், ஆணி குத்தினாலும், செருப்புக்குள் கூழாங்கல் கிடந்தாலும் அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. அந்தக் காலுக்காக வேறு யாராவது வலியை உணர வேண்டும். இந்த வேலை மொத்தமும் அதுதான்.

கிருமி, தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளைப் பிடிக்கிறது. கணுக்காலின் உள்பக்கம் இறங்கும் நரம்பு கெட்டால் மூன்று இழப்புகள் ஒன்றாக வரும். உள்ளங்காலின் உணர்வு போகும். வியர்வை நின்று தோல் காய்ந்து வெடிக்கும். பாதத்தின் சிறு தசைகள் தளர்ந்து விரல்கள் மடங்கும். உடலின் பாரம் விரல்களின் அடிக்கட்டையில் உள்ள எலும்பு முனைகளில் போய்க் குவியும். கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ நோயைக் குணப்படுத்திவிடுகிறது. ஆனால் நெடுநாளைக்கு முன் செத்துப்போன நரம்பு அதனால் திரும்பி வராது. தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டிவிட்டதாக இந்தியா அறிவித்தது 2005 இறுதியில். அதற்கு வெகு காலம் முன்பே குணமானவர்கள் இன்றும் அதே மரத்த கால்களோடு ரேஷன் கடைக்கும் வயலுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது, இந்த நோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றே பரவலாக நம்பினார்கள். அவரும் உடன் உழைத்தவர்களும் நோயாளிகளின் ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை கூர்ந்து கவனித்தார்கள். சூடான பாத்திரம், கருவியின் கைப்பிடி, செருப்பில் துருத்திய ஆணி என்று ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. தூங்கும்போது காணாமல்போன விரல் நுனிகளை எலி கடித்திருந்தது. வீடு திரும்புகிறவர்களிடம் பூனைகளைக் கொடுத்தனுப்பினார்கள். கிறிஸ்தவ அன்பைப் பற்றி யோசிக்கும்போது அந்தப் பூனைகளை மறக்கக் கூடாது. இன்னொருவரின் இரவு எப்படிக் கழிகிறது என்று கடைசிவரை விசாரித்த பிறகே ஒருவருக்கு அப்படியொரு உதவி தோன்றும்.

ஊறவைப்பதில் இருந்து தொடங்கலாம். அகலமான பேசின், கணுக்கால் மூழ்கும் அளவு குழாய்த் தண்ணீர். வெந்நீர் கூடாது. கையும் மரத்தவருக்குச் சூடு பார்க்க வழியில்லை. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். உப்பும் வேண்டாம், கிருமிநாசினியும் வேண்டாம். நல்லது என்று நினைத்து மூடிமூடியாக டெட்டால் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது தோலை இன்னும் காயவைக்கும், புண்ணில் புதிதாக வளரும் சதையையும் கெடுக்கும். இருபது முதல் முப்பது நிமிடம் கழித்து, மெத்தென்று ஆன காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். பிளேடு எடுக்கவே கூடாது. பிறகு விரல் இடுக்குகளை மட்டும் துடைத்துவிட்டு, மற்ற இடங்களில் ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: காலை நன்றாகத் துடைத்துவிட்டு எண்ணெயை அள்ளிப் பூசுவார்கள். காய்ந்த தோலுக்குத் தேவை தண்ணீர். எண்ணெய் அந்த ஈரம் வெளியேறாமல் காக்கும் மூடி மட்டுமே. காய்ந்த தோலின் மேல் மூடி போட்டுப் பயனில்லை.

உட்காரும் விதமும் முக்கியம். கவனிப்பவரின் முக்காலி நோயாளியின் நாற்காலியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்; துண்டு விரித்த தன் முழங்காலின் மேல் நோயாளியின் பாதம் இருக்க வேண்டும். நின்றபடி குனிந்து பார்த்தால் பாதத்தின் மேல்பகுதிதான் தெரியும். புண் இருப்பது கீழே. இந்த வேலையில் தாழ உட்காராமல் பார்க்கவே முடியாது என்பது நெடுநாள் இதைச் செய்தவர்களுக்கும் புதிதுபுதிதாகப் பொருள் தரும் விஷயம்.

பார்த்தது போதாது, தொடவும் வேண்டும். புறங்கையை இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் மாற்றிமாற்றி வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கலாம். அந்தச் சூடுதான் வலிக்காத கால் பேசும் ஒரே மொழி. தோல் கிழியவில்லை, நிறமும் மாறவில்லை. உள்ளே சதை நசுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே நடையை நிறுத்தினால் சில நாளில் தணியும். விட்டால் கொப்புளம், பிறகு புண், பிறகு ஆறு வாரப் படுக்கை.

திறந்த புண்ணைக் கையுறையோடுதான் தொட வேண்டும்; அது எந்தப் புண்ணுக்கும் உரிய விதி. கையுறையைக் கழற்றியபின் அவர் கையைப் பிடித்து எழுப்பிவிடுவதும் அதே அளவு முக்கியம். உள்ளங்கால் புண்ணிலிருந்து தொழுநோய் பரவாது. சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து விரைவிலேயே பரவாமலும் போய்விடுகிறது. இதை ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும், குடும்பத்தார் காதில் விழும்படி.

கேட்கும் கேள்வியிலும் கவனம் தேவை. "ஏன் செருப்புப் போடல?" என்று கேட்டால் "போட்டேன் சார்" என்ற பொய்தான் வரும். அதட்டல் வாங்கியவர் அடுத்த முறை புண்ணை மறைப்பார். "நேத்து எங்கெல்லாம் போனீங்க அண்ணே?" என்று கேட்டால் கதை முழுதும் வரும்: பேருந்து வரவில்லை, நாலு மைல் நடை, சந்தையில் மூட்டை. எந்த நடையில் புண் வந்தது என்று இருவருக்கும் ஒன்றாகப் புரியும்.

புண் இருக்கும் இடமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். கட்டைவிரலின் அடியில் என்றால் இடைவிடாத நடை. குதிகாலின் ஓரத்தில் என்றால் பராமரிக்காத வெடிப்பு. வாருக்கு அடியில் என்றால் செருப்பு. கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் என்றால் வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தது. இந்தக் கடைசிப் புண் சபைகளைக் கேள்வி கேட்கிறது. கிராமத்து ஆலயங்களில் இரண்டு மணி நேர ஆராதனை முழுக்கத் தரையில்தான். உணர்வுள்ளவர் பத்து நிமிடத்துக்கொரு முறை தன்னையறியாமல் காலை மாற்றிப் போடுவார். மரத்த கால் மாறாது. ஜெபத்தில் ஆழ்ந்தவரின் கால் இன்னும் மாறாது. சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டால் போதும். ஆனால் அதில் அவரை மட்டும் தனியே உட்காரவைத்தால் அது ஒதுக்கிவைப்பதாகிவிடும். மூட்டுவலிக்கார மூப்பரும் வயதான பாட்டிமாரும் அதே பெஞ்சில் உட்கார வேண்டும்.

வாசலில் செருப்பைக் கழற்றுவதும் அப்படித்தான். பங்குனி வெயிலில் ஆலய முற்றத்துக் கல்லில் இருபதடி நடந்தாலே மரத்த கால் வெந்துவிடும். உள்ளே மட்டும் அணிய ஒரு சுத்தமான ஜோடி வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அதற்கு முன்னால், போதகரே வாசலில் நின்று "செருப்போட உள்ள வாங்க ஐயா" என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அனுமதி இருக்கிறது என்று தெரிந்தும் கூசி வெறுங்காலோடு வருகிறவர்களே அதிகம். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்புகிறவர்களிலும் மரத்த கால்கள் உண்டு. நீரிழிவால் மரத்தவையும் சேர்த்தால் இன்னும் உண்டு. வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவரிடம் விசுவாசத்தைக் குறை சொல்லாமல், காலைக் காட்டிப் பேச வேண்டும். பேருந்தில் போனாலும் மாதா ஏற்றுக்கொள்வாள் என்று பங்குத்தந்தை சொன்னால் கேட்பார்கள். செவிலியர் சொன்னால் பெரும்பாலும் கேட்பதில்லை.

செருப்பில் பலர் நல்ல மனதோடு தவறு செய்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நூறு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுப்பது எளிது. விரலிடுக்கில் வார் வரும் செருப்பை மரத்த கால் பிடித்து நடக்காது, நழுவுவதும் தெரியாது. வேண்டியது எம்.சி.ஆர் எனப்படும் நுண்துளை ரப்பர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பாதி கனத்துக்கு அமுங்க வேண்டும். விட்டால் எழும்ப வேண்டும். அதன் கீழே முள் ஏறாத கெட்டியான அடித்தட்டு, குதிகாலுக்குப் பின்னே வார், ஆணி ஒன்றுகூட இல்லாத ஒட்டுவேலை. அறுந்த வாரை ஊர்க் கடையில் கொடுத்து ஆணி அடித்து வாங்கி வருவதால் வரும் புண்கள் ஏராளம். அந்தத் தைப்பவரிடமும் ஒரு முறை நேரில் போய்ப் பேசிவிடுவது நல்லது. புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுவிட்டுக் கழற்றிப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அங்கே உரசுகிறது. செருப்பு தொழுநோய்க்காரர் செருப்பு என்று தூரத்திலேயே தெரியாதபடி இருக்க வேண்டும். அடையாளம் காட்டும் செருப்பு வீட்டு மூலையில்தான் கிடக்கும்.

இனி, எல்லாவற்றிலும் கடினமானது: ஓய்வு. சிக்கலில்லாத உள்ளங்கால் புண், பாரம் ஏற்றாமல் வைத்தால் ஏறக்குறைய ஆறு வாரத்தில் ஆறிவிடும். களிம்பு எதுவானாலும் நடந்துகொண்டே இருந்தால் ஆறாது. தினக்கூலிக்காரரிடம் "ஆறு வாரம் நடக்காதீங்க" என்று சொல்லி மருந்துச்சீட்டைக் கையில் கொடுத்தால், எதையும் கொடுக்காமல் அனுப்பியதற்குச் சமம். இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினதைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அவன் அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய், மறுநாள் இரண்டு பணம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று பொறுப்பேற்றதுதான் இந்த வேலைக்கு நெருக்கமான பகுதி. எண்ணெய் முதலுதவி, ஆற்றியது சத்திரம்.

ஆகவே புண்கட்டும் அறையில் பேச வேண்டியவை வீட்டுக் கணக்குகள். மாட்டுக்கு யார் புல் அறுப்பது, தண்ணீர்க் குடம் யார் தூக்குவது, வட்டிக்காரருக்கு வாரத் தவணை எப்படி. ஒரு சபை இந்த மூன்றுக்கும் ஆள் போட்டுக்கொடுத்தால் அந்தக் கால் பிழைக்கும். காலின் வடிவத்தை ஒட்டிப் போடும் பிளாஸ்டர் கட்டு, பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடுவதால் கொஞ்சம் நடமாட உதவும். ஆனால் வீக்கம் வற்றியதும் முதல் கட்டு தளர்ந்து உள்ளே உரசத் தொடங்கும். ஒரு வாரத்திலேயே மாற்ற வேண்டியிருக்கும். துர்நாற்றம், காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுதல் என எது தென்பட்டாலும் அன்றே பிரித்துப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது.

அன்போடு செய்கிறவர்களிடம் இன்னொரு குறையும் வருகிறது: எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவது. தினமும் செவிலியர் ஊறவைத்துத் தேய்த்து எண்ணெய் தடவிய கால், வீட்டுக்குப் போன மூன்றாம் வாரமே மறுபடி வெடித்து வந்து நிற்கும். டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வையும் அசைவையும் இழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். தன் உடலின் உணர்வற்ற பகுதியை நாள் முழுதும் தானே காத்துக்கொண்டிருந்த ஒருவர் இன்னொருவருக்கு அதைச் சொல்லும்போது கிடைக்கும் எடை வேறு.

அதனால் ஐந்து முதல் பத்துப் பேர் கொண்ட சுயபராமரிப்புக் குழுக்களே இந்த வேலைக்கு முதுகெலும்பு. மாதத்துக்கு ஒரு நாள் மரத்தடியிலோ ஆலய வராந்தாவிலோ வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் காலை இன்னொருவர் பார்ப்பார். விரல் மடங்கியவர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கண்ணாடியைப் பிடித்துக் காட்ட, அடுத்தவர் குனிந்து பார்ப்பார். ஊழியர் பக்கத்தில் இருக்கலாம். கை நீட்டாமல் இருப்பதே அவருக்குப் பயிற்சி. கையும் மரத்துப்போனவருக்குச் சூடு பார்ப்பது மட்டும் முடியாது. அதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும். பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, தாத்தாவின் இரண்டு உள்ளங்காலிலும் கையை வைத்து, "எந்தக் கால் சுடுது?" என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாலு வயதுக் குழந்தையும் அதைச் சரியாகச் சொல்லிவிடும்.