விரியன் கடித்த பொம்மிக்கு மருந்து தேடியது

மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்தைத்தான் பாம்பு கடித்த நாய்க்கும் போடுகிறார்கள். அதற்கு மாற்று எதுவும் இல்லை. ஆனால் நாய் பார்க்கிற எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த மருந்து இருப்பதில்லை. அன்று ராத்திரி எங்களைப் பாடாய்ப் படுத்தியது இதுதான். எங்கள் பொம்மி பிழைத்துக்கொண்டாள். என்ன செய்தீர்கள், எங்கே போனீர்கள் என்று அக்கம்பக்கத்தில் இன்னும் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் நாய் இல்லாத தோட்டத்து வீடே கிடையாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வைகாசி பிறந்து நாலு தூறல் போட்டதும் இங்கே விரியன் நடமாட்டம் கூடிவிடும். கண்ணாடி விரியன் முட்டை இடாது, குட்டி போடும். அதற்கும் ஏறக்குறைய இதுதான் காலம். தென்னை மட்டையைக் குவித்து வைத்திருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருந்தால் அதுவும் வரும்.

பொம்மி நாட்டு நாய், செவலை நிறம். ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரம், மட்டைக் குவியலைப் பார்த்து விடாமல் குரைத்தாள். விசில் வருவதற்கு முன் குக்கர் இரைவது போல ஒரு சீறல் கேட்டது. அடுத்த நிமிடம் பொம்மி கத்திக்கொண்டு திண்ணைக்கு ஓடி வந்தாள். வலது கன்னத்தில் இரண்டு பல் தடம், ரத்தம் ஒழுகிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். வீட்டில் நானும் அத்தையும் கொழுந்தனும்தான். கொழுந்தன் தள்ளி நின்று டார்ச் அடித்து, செல்போனில் பாம்பைப் படம் எடுத்தான். பழுப்பு உடம்பில் வட்டம் வட்டமாக மூன்று வரிசை, சந்தேகமே இல்லை. அதை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேரள வனத்துறையின் சர்ப்பா ஆப்பில் தகவல் கொடுத்தோம். பிறகு ஒருவர் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போனார்.

எங்கள் பிளாக்கில் மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை அவசரத்துக்கு இரவு டாக்டர் ஒருவர் உண்டு. அவருடைய நம்பர் மிருகாஸ்பத்திரி போர்டில் எழுதியிருக்கும். மாடு கன்று போடும்போது உதவும் என்று முன்பே குறித்து வைத்திருந்தேன். நம்பர் கையில் இல்லாதவர்கள் 1962-ஐ அழைக்கலாம், கட்டணம் கிடையாது. அவர் மலையாளத்தில் பேசினார், நான் தமிழில் பேசினேன். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். "அணலியா, மூர்க்கனா?" என்றுதான் முதலில் கேட்டார். கண்ணாடி விரியனா, நல்ல பாம்பா என்று அர்த்தம். படத்தை அனுப்பினேன்.

அந்த டாக்டர் மறைக்காமல் பேசினார். "என்னிடம் டிரிப் இருக்கிறது, ஊசி இருக்கிறது. விஷமுறிவு மருந்து இல்லை. நான் வந்து பார்த்துவிட்டு உங்களை வேறு இடத்துக்கு அனுப்பினால் ஒரு மணி நேரம் வீணாகும். மருந்து இருக்கும் இடத்துக்கு நேராகப் போங்கள்." கிளம்பும் முன் போன் செய்து என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். மருந்து கையில் இருக்கிறதா, எத்தனை வயல் (மருந்துக் குப்பி) இருக்கிறது என்று கேட்க வேண்டும். ரத்தம் உறைகிறதா என்று அங்கேயே பார்ப்பார்களா, விடிய விடியக் கூட இருக்க ஆள் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். "நாய்க்குப் பாம்புக்கடி பார்ப்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் பார்ப்போம் என்றுதான் சொல்வார்கள்."

அவர் சொன்னபடியேதான் இருந்தது. ஒரு இடத்தில், "கூட்டிக்கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்றார்கள். எத்தனை வயல் இருக்கிறது என்று கேட்டதும் கொஞ்சம் இழுத்து, "காலையில் வந்துவிடும்" என்றார்கள். இல்லை என்பதை முதலிலேயே சொன்னால் என்ன? அந்த வார்த்தையை நம்பி ஒருவர் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனால் அந்த உயிரின் கதி என்ன? இதை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. இன்னொரு இடத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கிளினிக்கில் எடுத்த பெண், "கொஞ்சம் வயல் இருக்கு, அதை வெச்சு ஆரம்பிக்கலாம். மேல தேவைப்பட்டா சீட்டு எழுதித் தர்றோம், வெளிய வாங்கணும். முன்பணம் கட்டணும், பரவாயில்லைங்களா?" என்று எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிவிட்டாள். பணப் பேச்சைக் கூச்சமில்லாமல் முதலிலேயே பேசியது எனக்கு நல்லதாகவே பட்டது.

வண்டியில் ஏற்றும் முன் அத்தை கழுத்துப் பட்டையைக் கழற்றினார். வீக்கம் கீழே இறங்கும், பட்டை இறுக்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாயைக் கட்டக் கூடாது, கடித்த இடத்தைக் கீறக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது, நடக்க விடக் கூடாது, தூக்கித்தான் கொண்டு போக வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பச்சிலை அரைத்துக் கொடுக்கலாம் என்றார். அவர் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதற்கு நேரம் இல்லை. இன்னொருவர் வலிக்கு நாம் போடும் மாத்திரையில் பாதி கொடுக்கச் சொன்னார். அதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை. விரியன் விஷமும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். பாராசிட்டமால் பூனைக்கு உயிர் போகும் அளவுக்கு ஆபத்து.

ஆம்னி வேனில் பின் சீட்டை மடித்துப் பழைய போர்வையை விரித்துப் படுக்க வைத்தோம். கொழுந்தன் ஓட்டினான். வேலந்தாவளம் தாண்டும்போது பொம்மியின் முகம் பாதி வீங்கி வலது கண் மூடிவிட்டது. ஈறிலும் ரத்தம் கசிய ஆரம்பித்தது. "அண்ணி, பேசிக்கிட்டே இருங்க, அவ தூங்கிடக் கூடாது" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். எட்டிமடை, மதுக்கரை எல்லாம் எப்படிப் போயின என்றே தெரியவில்லை.

கிளினிக்கில் போனதும் செய்த முதல் காரியம் எனக்குப் புதிது. கொஞ்சம் ரத்தம் எடுத்து, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைத்தார்கள். பிளாஸ்டிக் குழாய் இதற்கு ஆகாதாம். நேரம் ஆனதும் டாக்டர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது. விரியன் விஷம் ரத்தம் உறையும் தன்மையைத் தின்றுவிடும். உறையவில்லை என்றால் விஷம் உள்ளே நன்றாக இறங்கியிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஒரு கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் போதும்.

மருந்து வெள்ளைப் பொடியாகச் சின்னக் குப்பியில் இருந்தது. தண்ணீர் மருந்தை விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைத்து, டிரிப்பில் கலந்தார்கள். பொம்மி 15 கிலோகூட இருக்க மாட்டாள். பெரிய நாயைவிடக் குறைவாகப் போதாதா என்று கேட்டேன். "நாயின் எடையைப் பார்த்து மருந்து போடுவதில்லைங்க. பாம்பு எவ்வளவு விஷத்தை இறக்கியதோ அதை முறிக்க வேண்டும். சின்ன உடம்புக்குள் அதே விஷம் போனால் இன்னும் ஆபத்து" என்றார். ஒரு மில்லி மருந்து கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமைத்தான் முறிக்கும், ஒரு குப்பியில் கிடைப்பது 10 மில்லி என்று கணக்கும் சொன்னார். அப்போதுதான் அந்த இரவு டாக்டர் எத்தனை வயல் என்று ஏன் கேட்கச் சொன்னார் என்பது விளங்கியது.

இன்னொன்றும் அவரிடம் தெரிந்துகொண்டேன். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் இது ஒரே மருந்து. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் இருக்கும் கூம்பிய மூக்குள்ள குழிவிரியனுக்கு இது வேலை செய்யாது. பாம்பின் படம் கையில் இருந்தது பெரிய உபகாரம் என்றார். மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துத் தருவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கியது. அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள். பாம்பு பிடிக்கும் அந்த இருளர்களையும் குதிரையையும் நினைத்து அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

குதிரையின் புரதம் என்பதால் சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. மருந்து ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பொம்மிக்கு உடம்பெல்லாம் தடித்தது, வாந்தி எடுத்தாள். உடனே டிரிப்பை நிறுத்தி, பக்கத்தில் தயாராக ஏற்றி வைத்திருந்த ஊசியைப் போட்டு, அடங்கிய பிறகு இன்னும் மெதுவாகத் திரும்பத் தொடங்கினார்கள். ஊசியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பும் இடமாக இருந்திருந்தால் அவள் வழியிலேயே போயிருப்பாள். உள்ளே இருந்த வயல் தீர்ந்ததும் கொழுந்தன் சீட்டை வாங்கிக்கொண்டு ராத்திரி திறந்திருக்கும் மருந்துக் கடைகளுக்கு அலைந்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். நாய்க்கு என்றதும் யோசித்தவர்களும் உண்டு. கொடுத்தவர் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடி கண்ணாடிக் குழாய். இந்த முறை ரத்தம் கெட்டியாக உறைந்து, தலைகீழாகக் கவிழ்த்தும் விழவில்லை. அத்தை அங்கேயே அழுதுவிட்டார்.

அதோடு முடியும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இல்லை, இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் சிறுநீரகம் படுக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது, எவ்வளவு போகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். டிரிப் ஏற்றக் காலில் போட்ட கேனுலா என்ற ஊசிக் குழாயைக் கழற்றாமல் கட்டி, கேஸ் ஷீட்டில் கொடுத்த மருந்தையெல்லாம் விவரமாக எழுதித் தந்தார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் எங்கிருந்தும் கிளம்பாதீர்கள். மறுநாள் காலையில் ஊர் மிருகாஸ்பத்திரியில் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் டிரிப்பைத் தொடர்ந்தார். வெறிநாய்க்கடி தடுப்பூசி அட்டையை மட்டும் கேட்டார். வாயில் காயத்தோடு வரும் நாய் என்றால் எங்கும் அதைக் கேட்கத்தான் செய்வார்கள்.

சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போனது, பிறகு குறைந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 3.8-க்கு ஏறியது. நாய்க்கு ஏறக்குறைய ஒன்றரைக்குள் இருக்க வேண்டும். டாக்டரம்மா மண்ணுத்திக்குப் போகச் சொன்னார். திருச்சூர் மண்ணுத்தியில் இருப்பது 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. 2021-இல் குதிரான் சுரங்கப் பாதை திறந்த பிறகு அந்த வழியில் பழைய நெரிசல் இல்லை. காலையிலேயே போய் ஓ.பி. டிக்கெட் எடுத்து ஆடு, பூனை, கிளிக் கூண்டுகளோடு வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் மாணவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அப்புறம் பேராசிரியர் வந்து பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், டிரிப்பின் அளவை மாற்றினார்கள். இறைச்சியையும் முட்டையையும் நிறுத்தி, அவர்கள் சொன்ன அளவில் சோறும் வேகவைத்த பூசணியும் கொடுத்தோம். கிரியாட்டினின் இறங்க வாரக்கணக்கில் ஆனது, ஆனால் இறங்கியது. கன்னத்தில் அழுகிய தோல் உதிர்ந்து, புண் ஆறி, முடியும் முளைத்துவிட்டது.

செலவு எல்லாம் சேர்த்து ரூ. 20,000-ஐத் தாண்டியது. பெரும்பகுதி மருந்துக்கும் அந்த முதல் ராத்திரிக்கும் ஆனது. அரசு ஆஸ்பத்திரிகளில் ஆனது மிகக் குறைவு. எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. தேங்காய்க் காசில் கொடுத்தோம். கொடுக்க முடியாதவர்கள் வீட்டு நாய் என்ன ஆகும் என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

அதனால் நாங்கள் சில வீட்டார் சேர்ந்து கிராம சபையில் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். பிளாக் மிருகாஸ்பத்திரியில் இந்த மருந்தைக் கொஞ்சம் எப்போதும் இருப்பு வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பொடியாக வருவதற்கு ஃப்ரிட்ஜ்கூட வேண்டியதில்லை, வெயில் படாத குளிர்ந்த இடம் போதும் என்று கோயம்புத்தூர் டாக்டர் சொன்னதையும் அதில் எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த கிராம சபைக்குக் கறவை மாடு வைத்திருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறோம். மாட்டை விரியன் கடித்தாலும் இதே மருந்துதானே வேண்டும்.