உமிக்குப் பில் கிடையாது

"மிஸ், பொயிலர் ஒண்டு இருக்கு எண்டு எழுதியிருக்கிறீங்க. அதுக்கு எரிபொருள் பூச்சியம் எண்டும் எழுதியிருக்கிறீங்க. அப்ப தண்ணி எப்பிடிக் கொதிக்குது?"

2023 செப்டெம்பரில் ஒருநாள், சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் புள்ளிவிபரத் திணைக்களத்திலிருந்து வந்த அழைப்பு இது. அவர்கள் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிற படிவத்தை நான்தான் எங்கள் மில்லுக்காக நிரப்பி அனுப்பியிருந்தேன். குரலில் நக்கல் இல்லை. பாவம், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

நான் தம்பலகாமத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வீடு உப்புவெளியில். திருகோணமலையில் தொழிற்சாலை என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சீனக்குடாப் பக்கத்து மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும்தான். அங்கெல்லாம் இப்படி ஒரு படிவம் வந்தால் நிரப்ப இன்ஜினியர்மார் இருப்பார்கள். எங்கள் மில்லில் நான், ஒரு கல்குலேட்டர், ஒரு இரும்பு அலுமாரி. நெல் ஊறப்போடும் தொட்டி, அவிக்கிற பானைகள், ஒரு பொயிலர், காயவைக்க ஒரு சீமெந்துக் களம், மழைக்கு ஒரு உலர்த்தி, பிறகு குத்துகிற மெசின்கள். நல்ல நாளில் 5 தொன் நெல் அவிப்போம்.

படிவம் 2022ஆம் ஆண்டுக்கானது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு நெல் வாங்கினீர்கள், எவ்வளவு அரிசி விற்றீர்கள் என்ற பக்கங்களை ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டேன். அது என் தொழில். அதற்குப் பிறகு வந்தது மின்சாரமும் எரிபொருளும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெட்டி: அளவு, பெறுமதி.

முதலாளி பெறுமதியை மட்டும் எழுதி அனுப்பச் சொன்னார். "காசு எவ்வளவு போச்சு எண்டுதானே அவங்களுக்கு வேணும்?" அதுதான் இல்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் நாடு முழுவதும் சராசரியாக 75 வீதம் ஏறியது. எங்கள் பில்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், வருஷக் கடைசியில் யூனிட் குறைந்திருக்கிறது, காசு கூடியிருக்கிறது. காசை மட்டும் பார்க்கிறவன் எங்கள் மில் கூடுதலாக ஓடியது என்று நினைப்பான். அந்த வருஷம் நாங்கள் படுத்த படுக்கை. முந்தின வருஷம் வந்த இரசாயன உரத்தடையால் பெரும்போக விளைச்சல் விழுந்து, நெல் வரத்தே பாதியாகிவிட்டிருந்தது.

மின்சாரப் பகுதியில் நான் செய்த பிழைகளைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். எங்களுடையது 42 கேவிஏக்கு மேற்பட்ட பெரிய இணைப்பு. கேவிஏ என்பது மின்சுமையின் அளவு. ஆகவே பில்லில் பகல், உச்ச நேரம், உச்சமில்லா நேரம் என்று மூன்று யூனிட் கணக்கு வரும். அதற்குக் கீழே கேவிஏ என்று இன்னொரு எண் நிற்கும். அது மாதத்துக்குள் ஒரே நேரத்தில் நாங்கள் இழுத்த உச்சச் சுமை. அதற்குத் தனிக் கட்டணம். நான் முதலில் அந்த எண்ணையும் யூனிட்டோடு சேர்த்துக் கூட்டிவிட்டேன். கூட்டக்கூடாது. மூன்று நேர யூனிட்களை மட்டும்தான் கூட்டவேண்டும். அடுத்தது திகதி. எங்கள் பில் மாதத்தின் 17ஆம் திகதி முடியும், படிவமோ ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்கிறது. இதற்காக ஒருநாள் முழுக்க மண்டையை உடைத்தேன். பிறகு கேட்டபோது, தொடர்ச்சியான 12 பில்லைக் கூட்டி, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று ஓரத்தில் குறித்தால் போதும் என்றார்கள். கேட்காமல் உடைத்தது என் மண்டை.

டீசல் வேறு கதை. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பெரும்போக நெல் வந்து இறங்குகிற மாதம் அது. ஊறப்போட்ட நெல்லை உரிய நேரத்தில் அவிக்காவிட்டால் புளித்து நாறும். அந்த அரிசியை நாய்கூட முகராது. ஜெனரேட்டரை ஓட்டத்தான் வேண்டும். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன, அவற்றுக்கு அந்த ஜனவரியில்தான் புதிய ஒப்பந்தமும் எழுதினார்கள். அதே ஊரில் நாங்கள் கானைத் தூக்கிக்கொண்டு டீசலுக்கு அலைந்தோம். சில கான் வரிசையில் நின்று வாங்கியது, பில் இருக்கிறது. சில கான் எப்படி வந்தது என்று முதலாளி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் படிவத்துக்கு லீற்றர் வேண்டும்.

கடைசியில் கைகொடுத்தது என் போன். அந்த நாட்களில் மின்வெட்டு நேர அட்டவணை ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில் வரும், ஆங்கில எழுத்துக் குழுக்களாகப் பிரித்து. எங்கள் பகுதியின் எழுத்தைச் சுற்றி நான் சிவப்பு வட்டம் போட்டு முதலாளிக்கு அனுப்பிய படங்கள் அத்தனையும் அழியாமல் கிடந்தன. அதையும் அவியல் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: எந்த நாள் நெல் அவித்தோம், அந்த நாளில் எத்தனை மணித்தியாலம் வெட்டு. ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்பதை ஓட்டுகிற பையனிடம் கேட்டு, பிறகு ஒரு கான் ஊற்றி மணிக்கூட்டைப் பார்த்துச் சரிபார்த்தேன். பத்து லீற்றருக்குச் சற்றுக் குறைவு. லொறிக்கு அடித்த டீசலைத் தனியே பிரித்து வைத்தேன். அது ரோட்டில் எரிந்தது, மில்லுக்குள் எரியவில்லை. மதிப்பீடு என்று பென்சிலால் எழுதி அனுப்பினேன். யாரும் குறை சொல்லவில்லை.

இவ்வளவு கவனமாகச் செய்தவள்தான் பொயிலருக்குப் பூச்சியம் போட்டேன். பட்டியலில் டீசல், மண்ணெண்ணெய், உலை எண்ணெய், எரிவாயு எல்லாம் இருந்தன. ஒரு வரியில் "உயிர்த்திணிவு" என்றும் இருந்தது. நான் அதை ஏதோ உயிரியல் ஆய்வுகூடத்துச் சாமான் என்று நினைத்துத் தாண்டிப்போய்விட்டேன்.

"அது வேற ஒண்டுமில்லை மிஸ்," என்றார் போனில் அந்தத் தம்பி. "விறகு, உமி, சிரட்டை, மரத்தூள் எல்லாம் அதுதான். நீங்க என்னத்தை எரிக்கிறீங்க?"

"உமி. ஆனா அது நாங்க வாங்கிறதில்லையே சேர். எங்கட நெல்லில வாறது. பில் இல்லை."

"பில் இல்லாட்டிப் பரவாயில்லை. எரியுதுதானே?"

எரிகிறதுதான். பன்னிரண்டு வருஷமாக என் மேசைக்குப் பின்பக்கச் சுவருக்கு அப்பால் எரிகிறது. அந்தச் சூட்டில் நான் மார்ச் மாதங்களில் வெந்திருக்கிறேன். கணக்கில் மட்டும் அது இல்லை, ஏனென்றால் அதற்கு யாரும் துண்டு எழுதித் தந்ததில்லை.

பொயிலரைப் பார்க்கிற அண்ணனிடம் போய் ஒரு நாளைக்கு எவ்வளவு உமி போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஒரு நாப்பது கடகம் வரும் பிள்ளை" என்றார். கடகம் என்றால் உமி அள்ளுகிற கூடை. நம்பி எழுதியிருப்பேன். ஆனால் நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி என்பது மில்காரர் எல்லோருக்கும் தெரிந்த வாய்ப்பாடு. 5 தொன் நெல்லுக்கு ஆயிரம் கிலோ உமி வரவேண்டும். நாற்பது கடகம் என்றால் மிச்சம் எங்கே?

அடுத்த நாள் அவரிடம் ஒரு கரித்துண்டைக் கொடுத்து, ஒவ்வொரு கடகத்துக்கும் சுவரில் ஒரு கோடு போடச் சொன்னேன். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. காலையில் முணுமுணுத்தார். பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் சுவரில் அவர் இடுப்பு உயரத்துக்கு ஒரு வேலி எழும்பியிருந்தது. தானே நம்பாமல் தள்ளிநின்று எண்ணிக்கொண்டிருந்தார். பொழுதுபட 143 கோடு. இடையில் பத்துக் கடகத்தை அரிசி நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன். கடகத்தின் பாரத்தைக் கழித்தால் சராசரி 4 கிலோ 200 கிராம். ஆக 600 கிலோ. இன்னும் இரண்டு நாள் எண்ணினோம், பெரிதாக மாறவில்லை. நனைந்த உமி நிறுவையில் கூடும், எரிவதில் குறையும் என்று அவர்தான் சொல்லித்தந்தார், ஆகவே வெயில் நாட்களைத்தான் எடுத்தோம்.

ஒரு நாளை வைத்து 365ஆல் பெருக்கக்கூடாது, அது நடக்காத வேலை. நாங்கள் எல்லா நாளும் அவிப்பதில்லை. ஒரு தொன் நெல்லுக்கு 120 கிலோ உமி எரிகிறது என்று வைத்துக்கொண்டு, 2022இல் அவித்த நெல்லால் பெருக்கினேன். 700 தொன் நெல், 84 தொன் உமி.

அதே நாள் மின்சார மீற்றரையும் காலையிலும் மாலையிலும் பார்த்திருந்தேன். வித்தியாசம் 5.3 என்று வந்தது. ஒரு மில் முழுக்க ஐந்து யூனிட்டில் ஓடுகிறதா என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பெரிய இணைப்புகளில் மீற்றருக்குள் முழுக் கரண்டும் போகாது. எங்களுடையதில் 200க்கு 5 என்று குறைத்துத்தான் போகிறது, வாசிப்பை 40ஆல் பெருக்கவேண்டும். 212 யூனிட்.

ஒரு கிலோ உமியில் ஏறத்தாழ 13 மெகாயூல் வெப்பம் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாயூல். 600 கிலோ உமியைப் போட்டுப் பார்த்தால் 2,100 யூனிட்டுக்கு மேல். அதாவது மாதாமாதம் முதலாளி கையில் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விடுகிற அந்த மின்பில், இந்த மில் தின்னுகிற வலுவில் பதினொன்றில் ஒரு பங்கு. வெப்பமும் மின்சாரமும் ஒரே தரத்துச் சாமான் இல்லை, பொயிலரின் புகைபோக்கியால் ஒரு பகுதி போய்விடும், எல்லாம் சரி. ஆனாலும் அந்த எண்ணை இரண்டு தரம் அடித்துப் பார்த்தேன்.

எங்கள் மில் மட்டும் இப்படி இல்லை. நிலைபெறுதகு வலு அதிகாரசபை வருஷாவருஷம் வெளியிடுகிற நாட்டின் வலுச் சமநிலைக் கணக்கில், கைத்தொழில் துறையில் முதலிடம் உயிர்த்திணிவுக்குத்தான். எண்ணெயும் மின்சாரமும் அதற்குப் பின்னால்தான். எண்ணெய்க்குக் கப்பல் வருகிறது, எண்ணலாம். மின்சாரத்துக்கு மீற்றர் இருக்கிறது. உமிக்கும் விறகுக்கும் எங்களைப் போன்றவர்கள் எழுதினால்தான் உண்டு. அமெரிக்காவில் தொழிற்சாலைகளின் வலுப் பாவனைக்கென்றே 1985இல் தொடங்கிய ஓர் அரச ஆய்வு இருக்கிறது, இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை. அங்கே கடதாசி ஆலைகள் தங்கள் சொந்தக் கழிவை எரிப்பதையும் கேட்டு எழுதுகிறார்கள். காசு கொடுத்து வாங்காததும் எரிபொருள்தான் என்பது அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

திருத்திய படிவத்தோடு நானே கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போனேன். அந்தத் தம்பி எதிர்பார்த்ததைவிட இளையவர். நான் "சேர்" என்றதைப் பார்த்துக் கூச்சப்பட்டார். மிச்சம் 400 கிலோ உமியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். செங்கல் சூளைக்கும் கோழிப் பண்ணைக்கும் விற்கிறோம் என்றேன்.

"அதை எரிபொருளில சேர்க்கவேண்டாம் மிஸ். சூளைக்காரர் தங்கட படிவத்தில எழுதுவார். நீங்களும் எழுதினா ஒரே உமி ரெண்டு தரம் எரியும். உங்களுக்கு அது விற்பனை. எரிச்ச உமிக்குப் பெறுமதி போடுறதெண்டா, நீங்க விக்கிற விலையைப் போடுங்க."

முதலாளிக்கு வேறு பயம். இதெல்லாம் இறைவரிக்குப் போகுமா என்று மூன்று தரம் கேட்டார். புள்ளிவிபரக் கட்டளைச் சட்டத்தின்படி தனிப்பட்ட தகவல் இரகசியம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்ததை வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுத் தானும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.

கையெழுத்து வைத்த பேனாவை மூடாமல் அப்படியே இருந்தார். "இந்த 400 கிலோ, ஒரு நாளைக்கா?"

"ஓம்."

"அப்ப வருஷத்துக்கு?"

56 தொன் என்றேன். உமி விற்ற காசுக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். சூளைக்காரருக்கு நாங்கள் எப்போதும் உழவு மெசின் பெட்டிக் கணக்கில்தான் கொடுப்போம், நிறுப்பதில்லை. அவர் தன் பெட்டிக்கு மேலே பலகை அடித்து உயர்த்தினது எந்த வருஷம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கொப்பியில் இருந்த பெட்டிகளைக் கூட்டி, ஒரு பெட்டிக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நாங்கள் நினைத்திருந்த கிலோவால் பெருக்கினால், 56 தொன்னில் பாதிதான் வந்தது.

அடுத்த கிழமையிலிருந்து உமி நிறுவைக்குத்தான் என்று சொல்லிவிட்டார். சூளைக்காரர் தராசடியில் நின்று பார்த்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, கவுண்மேந்து கேட்டது உங்கட கணக்கைத்தானே? என்ர பெட்டியை ஏன் காட்டிக்குடுத்தனீங்க?"